பிரபு வீட்டுக் கொலை: ஆங்கிலத் துப்பறியும் நாவலைக் கையில் பென்சிலோடு வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் படிக்கும்போது நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலை எண்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். பெரிய மாளிகை, படுத்த படுக்கையாக ஒரு பிரபு, இரண்டு மகன்கள், விதவை மருமகள், பட்லர், வெளியே பனி. மொழி புரிந்தது. யார் யார் என்பதுதான் புரியவில்லை. இரண்டு பேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர் ஒரே ஆள் என்று எண்பதாவது பக்கத்தில்தான் தெரிந்தது.

பல வருடம் கழித்து அதே நாவலை மறுபடி எடுத்தேன். இந்த முறை முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரி கண்ணில் பட்டது. தோட்டக்காரரையும் வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் படிப்பறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார் பிரபு. அந்தப் பெண் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வருகிறாள். அவ்வளவுதான். கதையின் பாதி விடை அந்த வரியில் இருந்தது. அது எப்படி என்று கீழே வரும்.

இந்த வகை நாவல்களை நிறைய வாசித்தபின் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. பிரபு குடும்பத்துக் கொலையில் ரத்தக்கறையைவிட வாரிசுரிமைதான் முக்கியம். பட்டம், நிலம், பணம் மூன்றும் ஒரே ஆளுக்குப் போவதுபோல் தெரியும். உண்மையில் மூன்றும் மூன்று வழியில் போகும். கொலை எந்த வழியைத் திறந்துவிடுகிறது, எதை அடைக்கிறது என்று பார்த்தால் கொலையாளி கிட்டத்தட்ட வந்துவிடுவார். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். நாவல் 1920-க்கும் 1939-க்கும் இடையே நடப்பது என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வகையின் செழிப்பான காலம் அதுதான்.

முதல் படி: கதை நடக்கும் வருடத்தைக் குறியுங்கள்

இரண்டு நிமிட வேலை, ஆனால் பலர் விட்டுவிடுவது. இங்கிலாந்தின் சொத்துச் சட்டம் 1925-ல் பெரிதாக மாறியது. கொலைக்குத் தூக்குத் தண்டனை 1965 வரை இருந்தது. முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தபோது எத்தனையோ மாளிகைகளில் மூத்த மகன் இல்லாமல் போயிருந்தார். வருடம் தெரிந்தால்தான் கதாபாத்திரங்களின் பயம் எதைப் பற்றியது என்று தெரியும்.

இரண்டாம் படி: பெயர்களைப் பிரித்து எழுதுங்கள்

நான் தடுமாறி விழுந்த இடம் இதுதான். பிரபு குடும்பத்தில் குடும்பப் பெயர் ஒன்று, பட்டத்தின் பெயர் ஒன்று, மூத்த மகனின் பெயர் ஒன்று, வீட்டின் பெயர் இன்னொன்று. நிஜக் குடும்பம் ஒன்றையே பார்ப்போம். வின்ஸ்டன் சர்ச்சிலின் குடும்பத்துக்குப் பெயர் ஸ்பென்சர்-சர்ச்சில். குடும்பத் தலைவர் மார்ல்பரோ டியூக். அவருடைய மூத்த மகன் பிளாண்ட்ஃபோர்டு மார்க்விஸ். வீடு பிளெனிம் மாளிகை. வின்ஸ்டனின் தந்தை ஒரு டியூக்குக்கு இளைய மகன். அதனால் அவர் ‘லார்டு ராண்டால்ஃப்’. அவருடைய மகனான வின்ஸ்டனோ வெறும் மிஸ்டர் சர்ச்சில். இரண்டே தலைமுறையில் பட்டம் கரைந்துவிடுகிறது.

வரிசையையும் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். இவர்களுக்குக் கீழே பாரனெட். ‘சர்’ என்று அழைப்பார்கள், பட்டம் மகனுக்குப் போகும், ஆனால் அவர் பிரபு அல்ல. அதற்கும் கீழே நைட். அவரும் ‘சர்’தான், ஆனால் பட்டம் அவரோடு முடிந்துவிடும். ‘சர்’ என்று பார்த்ததும் இதில் எது என்று கேட்க வேண்டும். ஒன்றில் மகனுக்குக் கிடைக்க ஒரு பட்டம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

‘லேடி’ என்ற சொல்லில் இன்னும் நுணுக்கம் உண்டு. ‘லேடி’க்குப் பின் பெண்ணின் சொந்தப் பெயர் வந்தால் அவர் டியூக், மார்க்விஸ் அல்லது ஏர்லின் மகள். சாதாரண ஆளைக் கல்யாணம் செய்தாலும் அந்த மரியாதை அவரோடு இருக்கும். ‘லேடி’க்குப் பின் பட்டத்தின் பெயர் வந்தால் அவர் கல்யாணத்தால் அந்த வீட்டுக்கு வந்தவர். ஆண் பெயர் வந்தால், உதாரணமாக லேடி ராண்டால்ஃப், இளைய மகனின் மனைவி. அந்த வீட்டில் பிறந்தவர் யார், வாக்கப்பட்டு வந்தவர் யார் என்பதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. இதைக் கற்றுக்கொண்ட நாளில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

கடைசியாக ஒரு எச்சரிக்கை. குடும்பத் தலைவர் செத்த நொடியில் எல்லோர் பெயரும் மாறும். நேற்று வரை பிளாண்ட்ஃபோர்டாக இருந்தவர் இன்று மார்ல்பரோ. பெரியவரின் மனைவி ‘டவேஜர்’ ஆகி, விதவைகளுக்கென்று எஸ்டேட்டில் இருக்கும் சிறிய வீட்டுக்குக் குடிபோக வேண்டியிருக்கும். கொலை நடந்த பக்கத்திலேயே உங்கள் நோட்டில் பெயர்களைத் திருத்துங்கள். வேலைக்காரர்களில் யார் முதலில் புதுப் பட்டத்தைச் சொல்லி அழைக்கிறார் என்பதையும் கவனியுங்கள். மரணச் செய்தி எட்டும் முன்பே ஒருவர் அப்படி அழைத்தால் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மூன்று வழிகளையும் வரையுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மூன்று கோடுகள் போடுங்கள்: பட்டம், நிலம், பணம்.

முதலில் பட்டம். இதை உயிலால் யாருக்கும் எழுதி வைக்க முடியாது. பெரும்பாலான பட்டங்கள் ஆண் வழியில் மட்டும் இறங்கும்: மூத்த மகன், அவருடைய மகன், அப்புறம்தான் இளைய மகன், தம்பி, தம்பி மகன். மகள்கள் எத்தனை பேர் இருந்தாலும் பட்டம் எங்கோ தூரத்தில் இருக்கும் பங்காளிக்குப் போகலாம். அதனால்தான் இந்த நாவல்களில் திடீரென்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு உறவினர் கப்பலேறி வருகிறார்.

வாரிசுகளில் இரண்டு வகை. மூத்த மகன் உறுதியான வாரிசு, அவரை யாரும் தள்ள முடியாது. மகன் இல்லாத பிரபுவின் தம்பி தற்போதைக்கு மட்டுமே வாரிசு. அண்ணனுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தால் அன்றோடு அவர் கதை முடிந்தது. பிரபு செத்தபோது மனைவி கர்ப்பமாக இருந்தாலும் பட்டம் குழந்தை பிறக்கும்வரை காத்திருக்கும். ஆகவே ஐம்பது வயதுப் பிரபு ஓர் இளம்பெண்ணை மணக்கப்போகிறார் என்ற செய்தி முதல் அத்தியாயத்தில் வந்தால், தம்பியின் முகத்தை ஆசிரியர் எப்படி வர்ணிக்கிறார் என்று இரண்டு முறை வாசியுங்கள்.

கல்யாணத்துக்கு முன் பிறந்த மகன் பட்டத்துக்கு வர முடியாது. 1926-ல் வந்த சட்டம், பெற்றோர் பின்னால் மணந்துகொண்டால் அப்படிப் பிறந்த பிள்ளைகளைச் சட்டப்படி ஏற்றது. ஆனால் பட்டத்துக்கு மட்டும் அது பொருந்தாது என்று அதே சட்டம் சொன்னது. எனவே நாவலில் யாராவது ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் கல்யாணப் பதிவேட்டைப் புரட்டினால், அவர் தேடுவது பெயரை அல்ல, தேதியை.

இரண்டாவது நிலம். நம்மூரில் மகன்களுக்குச் சமபங்கு என்ற வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் ஜமீன்களை நினைத்துக்கொண்டால் பிடிபடும். பல ஜமீன்களில் சொத்தைப் பிரிக்காமல் மூத்தவருக்கே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட எஸ்டேட்டுகளுக்கென்றே 1904-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் மாளிகையும் வயல்களும் பெரும்பாலும் ஒரு குடும்ப ஏற்பாட்டில் கட்டுண்டிருக்கும். இப்போதைய பிரபு ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், நினைத்தபடி யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. 1882 சட்டத்துக்குப் பின் அவர் நிலத்தை விற்கலாம் என்று ஆனது. ஆனால் வந்த பணம் அறக்கட்டளைக்குள் போய்விடும், அவர் கைக்கு வராது.

ஓவியங்களும் நகைகளும்கூட இந்தக் கட்டுக்குள் இருப்பதுண்டு. பிரபுவின் மனைவி விருந்தில் அணியும் வைரமாலை அவருடையது அல்ல, குடும்பத்தினுடையது. கடனுக்காக அதை ரகசியமாக விற்றுக் கண்ணாடிக்கல் மாலையை அணிந்துகொண்டிருக்கிறார் என்றால் அவர் தம் சொந்த நகையை விற்கவில்லை, அடுத்த வாரிசிடமிருந்து திருடியிருக்கிறார். மாலையை மதிப்பிட லண்டனிலிருந்து ஆள் வருகிறார் என்ற செய்தியில் அந்தப் பெண் ஏன் வெளிறிப்போகிறார் என்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது பணம். பங்குகள், வங்கி இருப்பு, பிரபு தாமே வாங்கிய சொத்துகள். இதை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். பட்டத்தையும் மாளிகையையும் பெறுபவருக்கு ஒரு பவுண்டுகூடக் கிடைக்காமல், பணம் முழுவதும் மகளுக்கோ நர்ஸுக்கோ போகலாம். நூறு அறைகள் உள்ள மாளிகை, ஒழுகும் கூரை, கையில் காசில்லாத புது ஏர்ல்: இந்த நாவல்களின் ஏக்கமெல்லாம் இந்த இடைவெளியில் பிறக்கிறது.

இதன்மேல் வரி. 1894-ல் வந்த மரண வரி காலப்போக்கில் ஏறிக்கொண்டே போய், 1919-ல் மிகப் பெரிய எஸ்டேட்டுகளுக்கு 40 சதவீதத்தைத் தொட்டது. அதிலிருந்து தப்பச் சிலர் உயிரோடு இருக்கும்போதே சொத்தை மகனுக்குக் கொடுத்தார்கள். ஆனால் 1910-லிருந்து, கொடுத்தபின் மூன்று வருடத்துக்குள் செத்துவிட்டால் வரி கட்ட வேண்டியிருந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்று வருடம் முடிய பத்து நாள் இருக்கையில் பிரபு இறந்தால், மகன் அவரைக் கொன்றிருக்க மாட்டார். செத்ததை மறைப்பார். கதவைத் திறக்காத நோயாளி, அறைக்குள் போய்க் காலியாகவே திரும்பும் சாப்பாட்டுத் தட்டு என்று வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப்பாருங்கள்.

இந்த மூன்று வழிகளும் தனித்தனி என்பதற்கு நிஜ உதாரணம் லூக்கன் பிரபு. 1974 நவம்பரில் லண்டனில் அவர் குடும்பம் இருந்த வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண் கொல்லப்பட்டார். அன்றிரவோடு லூக்கன் காணாமல் போனார். 1999-ல் உயர் நீதிமன்றம் சொத்துக்காக அவரை இறந்தவராக ஏற்றது. ஆனால் மகனுக்குப் பட்டம் அப்போது வரவில்லை. மரணச் சான்றிதழ் 2016-ல் கிடைத்த பிறகுதான் அவர் ஏர்ல் ஆனார். சொத்து 1999-ல், பட்டம் அதற்குப் பதினேழு வருடம் கழித்து.

நான்காம் படி: உயிலைச் சட்டப் புத்தகம்போல் வாசியுங்கள்

இங்கிலாந்தின் உயில் சட்டம் 1837-ஆம் ஆண்டினுடையது. அதில் இரண்டு விதிகள் துப்பறியும் வாசகருக்குத் தங்கம் மாதிரி. ஒன்று, கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்து. ரகசியக் கல்யாணம் வெளிப்பட்டால் அதற்கு முன் எழுதிய உயில் வெறும் காகிதம். இரண்டு, உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டவர் அந்த உயிலால் எதுவும் பெற முடியாது, அவருடைய கணவனோ மனைவியோகூடப் பெற முடியாது.

ஈரக் கையைத் துடைத்தபடி வந்த அந்தப் பெண்ணை இப்போது நினைத்துப் பாருங்கள். பிரபு புது உயில் எழுதியிருக்கிறார் என்பது அவள் வந்ததிலேயே தெரிகிறது. போலீஸ் பின்னால் அவளைச் சந்தேகிக்கும், அந்த உயிலில் அவளுக்கு 500 பவுண்டு இருக்கிறது என்பதால். ஆனால் கையெழுத்து போட்ட அன்றே அந்த 500 பவுண்டு அவளுக்கு இல்லை என்றாகிவிட்டது. அவள் பேருக்கு அதை எழுதி, அவளையே சாட்சியாக அழைத்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கேள்வி.

1925 சொத்துச் சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இருவர் ஒரே விபத்தில் செத்து, யார் முதலில் என்று தெரியாவிட்டால், வயதில் இளையவர் பிந்திச் செத்ததாகக் கொள்வார்கள். பத்து நிமிட வித்தியாசத்தில் சொத்து வேறு குடும்பத்துக்குத் திரும்பிவிடும். கதையில் கார் விபத்தோ படகு விபத்தோ வந்தால் வயதைப் பாருங்கள்.

கொலையாளி தன் கொலையால் ஆதாயம் அடைய முடியாது என்ற கொள்கையும் 1892-ல் நீதிமன்றத்தில் நிலைபெற்றது. ஆகவே இளைய மகன் அப்பாவைக் கொன்று அண்ணனை மாட்டிவிட்டால், இரண்டு தடைகள் ஒரே இரவில் போய்விடும். எல்லாச் சாட்சியங்களும் மூத்த மகனையே சுட்டினால், அவருக்கு அடுத்த பெயரைப் பெரிதாக எழுதுங்கள்.

ஐந்தாம் படி: பச்சைக் கதவைத் தாண்டுங்கள்

மாளிகையில் குடும்பம் இருக்கும் பகுதிக்கும் வேலைக்காரர் பகுதிக்கும் நடுவே பச்சைக் கம்பளித் துணி அறைந்த ஒரு கதவு இருக்கும், சத்தமும் சமையல் வாசனையும் வராமல் தடுக்க. குடும்பத்தினர் அந்தப் பக்கம் போவது அரிது. ஆனால் அந்தப் பக்கத்தினர் எல்லா அறைக்கும் வருவார்கள். நாவலில் வரைபடம் இருந்தால் இந்தக் கதவையும் பின் மாடிப்படியையும் முதலில் குறியுங்கள்.

பட்லரைக் குடும்பப் பெயரால் மட்டும் அழைப்பார்கள், வெள்ளிப் பாத்திரமும் மதுவும் அவர் பொறுப்பு. ஹவுஸ்கீப்பரும் சமையல்காரரும் கல்யாணமாகாவிட்டாலும் ‘மிஸஸ்’தான், அதை வைத்துக் கணவன் எங்கே என்று தேடாதீர்கள். இந்த நாவல்களில் எனக்குப் பிடித்த சாட்சி ஹவுஸ்மெய்ட். வீடு எழுவதற்கு முன் எழுந்து, கணப்புகளில் நேற்றைய சாம்பலை அள்ளிப் புது விறகு அடுக்குபவர் அவர்தான். நூலக அறையில் பிணத்தை முதலில் பார்ப்பவர் அவராக இருப்பதற்கு அதுதான் காரணம். சாம்பல் அள்ளிய கணப்பில் காலை ஒன்பது மணிக்குக் கருகிய காகிதம் கிடந்தால், அது இரவில் எரிந்தது அல்ல.

வீட்டுக்குள் பூட்டிய இரவு, உள்ளே இருப்பவர்களில் ஒருவர் கொலையாளி: இந்த அமைப்புக்கு நிஜத்தில் ஒரு மூலம் உண்டு. 1860 ஜூனில் வில்ட்ஷர் பகுதியில் ரோடு ஹில் என்ற வீட்டில் மூன்று வயதுக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துக் கொன்றார்கள். பிரபு வீடு அல்ல, வசதியான அரசு அதிகாரியின் வீடு. லண்டன் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த துப்பறிவாளர் விச்சர் ரத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, சலவைக் கணக்கைப் பார்த்தார். குழந்தையின் மாற்றாந்தாய் வழி அக்கா, 16 வயது கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடைகள் என்று பட்டியலில் இருந்தது. இரண்டுதான் இருந்தன. கொலைக்கு இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை, துணிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த ஹவுஸ்மெய்டிடம் அவள் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவரப் போன அந்த ஒரு நிமிடத்தில்தான் கணக்கில் ஏறிய உடை கூடையிலிருந்து எடுக்கப்பட்டது என்பது விச்சரின் கருத்து. ஊர் நம்பவில்லை, அவர் பெயர் கெட்டது. ஐந்து வருடம் கழித்து, 1865-ல் அவள் தானே வந்து ஒப்புக்கொண்டாள். நல்ல துப்பறியும் நாவலில் சலவை, பால் பாட்டில், தபால் என்று சலிப்பாக வரும் வரிகளை நான் இப்போது தாண்டுவதே இல்லை.

ஆறாம் படி: மணி அடிப்பதைக் கணக்கிடுங்கள்

பிரபு வீடு கடிகாரத்தில் வாழ்ந்தது. காலையில் படுக்கையறைக்குத் தேநீர், மாலை ஐந்து மணி வாக்கில் மறுபடி தேநீர், ஏழரைக்கு உடை மாற்றச் சொல்லி காங் (பெரிய உலோகத் தட்டு) அடிக்கும், எட்டுக்கு விருந்து. காங் அடித்ததிலிருந்து விருந்து வரை எல்லோரும் தனித்தனி அறையில். விருந்து முடிந்து பெண்கள் வரவேற்பறைக்குப் போக, ஆண்கள் மட்டும் போர்ட் மதுவோடு மேசையில் இருப்பார்கள். பெரும்பாலான கொலைகளும் பொய்களும் இந்த இரண்டு இடைவெளிகளில்தான் நடக்கும். கால்மணிக்கு ஒரு கட்டம் போட்டு, ‘நானே பார்த்தேன்’ என்று சொன்னதையும் ‘சத்தம் கேட்டது’ என்று சொன்னதையும் வேறு வேறு குறியால் நிரப்புங்கள்.

ஏழாம் படி: விசாரணை யார் கையில்?

மாவட்டப் போலீஸின் தலைவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியாக, பிரபுவோடு வேட்டைக்குப் போனவராக இருப்பார். அவர் ஸ்காட்லாந்து யார்டை அழைக்கிறாரா, எப்போது அழைக்கிறார் என்று பாருங்கள். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான கரோனர் நடத்தும் மரண விசாரணை வழக்கு அல்ல, ஆனால் ஜூரி கொலையாளி என்று ஒருவரைப் பெயர் சொல்லலாம். 1975-ல் லூக்கனை அப்படிச் சொன்னார்கள். 1977-ல் அந்த அதிகாரம் நீங்கியது. கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மனைவியைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதால், கதை நடுவில் அவசரக் கல்யாணம் வந்தால் அந்தப் பெண் என்ன பார்த்தார் என்று கேளுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் பிரபுவாகவே இருந்தால், 1948 வரை அவரைப் பிரபுக்கள் சபைதான் விசாரித்தது. 1760-ல் தம் காரியஸ்தரைச் சுட்டுக்கொன்ற ஃபெரர்ஸ் ஏர்லுக்கு அந்தச் சபையே தண்டனை கொடுத்தது, லண்டனில் தூக்குமேடை இருந்த டைபர்னில் தூக்கிலிட்டார்கள். அப்படி நடந்த கடைசி விசாரணை 1935-ல், ஒரு கார் விபத்து வழக்கு. அந்தப் பிரபு விடுதலையானார்.

விஷத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஆர்செனிக் வாங்க 1851 முதல் கடைப் பதிவேட்டில் கையெழுத்து போட வேண்டியிருந்தது. அதனால் கொலையாளி கடைக்குப் போகமாட்டார், தோட்டக் கொட்டகையில் களைக்கொல்லி டப்பாவைத் தேடுவார். தோட்டக்காரர் எதையாவது காணோம் என்று புலம்பினால் காது கொடுத்துக் கேளுங்கள்.

எட்டாம் படி: நிறுத்துங்கள்

துப்பறிபவர் எல்லோரையும் ஓர் அறைக்கு வரச் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடுங்கள். 1930-ல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு கழகம் அமைத்தபோது, முக்கியமான தடயத்தை வாசகரிடம் மறைக்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். அந்த நேர்மையை நம்புங்கள். தேவையானதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது.

நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். யார் கொன்றது. எந்த வழிக்காக: பட்டமா, நிலமா, பணமா. எந்தப் பக்கத்தில் அது தெரிந்தது. மூன்றாவது வரி எழுத முடியாவிட்டால் முதல் வரி வெறும் யூகம், திரும்பிப் போய்த் தேடுங்கள். ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கடைசி அத்தியாயத்தை வாசித்தபின் புத்தகத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடாமல், முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை வாசியுங்கள். படிப்பறைக் கதவு திறந்து, யார் யார் உள்ளே வருகிறார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.